பார்த்துக்கொண்டிருந்தேன்

போன மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே பழைய கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரசம் வந்த நேரத்தில் ஒருவர் ஆரம்பித்தார்.

"நம்ம டைப்பிஸ்ட் அக்கா ஞாபகம் இருக்குதுங்களா? ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் திருத்திக் குடுத்தவங்க, கடைசீல ஒத்தை வார்த்தையைத் தப்பா அடிச்சு வேலையத் தொலைச்சுப்போட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரைக்கேறிவிட்டது. முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மோர் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். கை கழுவுகிற இடத்தில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு நின்றேன். அத்தனையும் கோபம். அந்தக் கதை பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர். ஒருவர் மேனேஜர், அவர் இறந்துவிட்டார். இன்னொருவர் அந்த அக்கா. மூன்றாவது ஆள் நான்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு வீதியின் முனையில் இருந்தது எங்கள் பம்ப்செட் கம்பெனி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நூறு பேருக்கு மேல் வேலை பார்த்தோம். நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு லீவு, யாருக்கு மெமோ என்பதெல்லாம் என் மேசைக்கு வரும். எனக்கு அப்போது முப்பது வயது. அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். மேனேஜர் அறைக்கு வெளியே, சன்னலோரத்தில் அவருடைய டைப்ரைட்டர். அவருடைய பேரை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பேரில் ஏற்கெனவே செய்யக் கூடாததைச் செய்தாகிவிட்டது.

படித்தது பத்தாவது. டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ். இங்கிலீஷ் பேச வராது. வடக்கேயிருந்து டீலர் யாராவது வந்தால் ஸ்டோருக்குள் போய் நின்றுகொள்வார், அவர்கள் போன பிறகுதான் வெளியே வருவார். ஆனால் தாளில் எழுதிய இங்கிலீஷில் ஒரு குட்டி வார்த்தை மாறியிருந்தால் அவரால் பொறுக்க முடியாது. இன், ஆன், அட், ஃபார், டு, வித் என்று வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த வார்த்தைகளைத்தான் சொல்கிறேன். பெரிய பெரிய வார்த்தையெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாததை அகராதியில் பார்த்துக்கொள்வார். இந்தக் குட்டி வார்த்தைகள்தாம் அவருக்கு உயிர்.

ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். முதல் பக்கத்தில் "சேர்மானம்" என்று தமிழில் எழுதியிருக்கும். குழம்புக்கு என்ன சேர்மானம் என்று கேட்போமே, அதே வார்த்தை. உள்ளே எந்த வினைக்கு எது சேரும் என்று வரிசையாக எழுதிவைத்திருப்பார். 'அப்ளை: வேலைக்குன்னா ஃபார், ஆளுக்குன்னா டு.' 'அக்ரி: ஆளோடன்னா வித், அவர் கேட்டதுக்குச் சரின்னா டு.' அப்படிப் பக்கம் பக்கமாக.

"இதுல என்னங்க அக்கா இருக்குது, படிக்கறவனுக்கு அர்த்தம் புரிஞ்சாச் சரி" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"தம்பி, இது ஸ்பேனர் மாதிரிங்க. பதினாலாம் நெம்பர் நட்டுக்குப் பதிமூணு போட்டா உள்ளயே போகாது. பதினஞ்சு போட்டா நட்டு மூலையெல்லாம் தேஞ்சுபோயிரும். பாக்கறதுக்கு எல்லா ஸ்பேனரும் ஒண்ணாட்டத்தான் இருக்கும்."

மேனேஜருக்கு 'டிஸ்கஸ்' என்றால் கூடவே 'அபவுட்' வந்துவிடும். ஒவ்வொரு கடிதத்திலும் வரும். அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் அதை எடுத்துவிட்டு அடிப்பார். ஒருநாள் அவர் கவனித்துவிட்டார்.

"என்ன அம்மணி, நான் சொன்னதுல ஒரு வார்த்தை கொறையுதே?"

"கொறையலீங்க சார். நீங்க சொன்னதுல ஒண்ணு கூட இருந்துச்சுங்க."

மேனேஜர் அப்போது சிரித்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு சூப்பர்வைசரிடம் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. "பத்தாங்கிளாஸ் படிச்சுப்போட்டு எனக்கே பாடம் எடுக்குது பாரு." அன்றைக்குத்தான் சூப்பர்வைசர் அவருக்கு 'பிரிபோசிஷன் பெரியம்மா' என்று பேர் வைத்தார். ஒரே வாரத்தில் அந்தப் பேர் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன்.

பேர் வைத்துச் சிரித்த அத்தனை பேரும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பம், கரண்ட் ஆபீஸுக்குப் புகார், மச்சானுக்கு வேலை கேட்டுக் கடிதம். மத்தியானச் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடுவார், ஒரு வரி அடிப்பார். எவரிடமும் எதுவும் வாங்கமாட்டார். "தப்பு இருந்தா அந்த ஆபீசர் நம்மளத்தான் எளக்காரமாப் பாப்பான். ஒரு காரணம் கெடைச்சாப் போதுமுங்க அவுங்களுக்கு" என்பார்.

எனக்கும் அவர்மீது ஒரு மனத்தாங்கல் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒருநாள் சாயங்காலம் லாரி ஆபீஸுக்கு நான் எழுதிய கடிதம். தபால் பையோடு ஆள் வாசலில் நிற்கிறான். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம் என்ற கடைசி வரியில் நான் 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார்' என்று எழுதியிருந்தேன். அது 'டு' என்று அக்கா பிடித்துக்கொண்டார். தாளை உருவி மறுபடி முதலிலிருந்து அடித்தார். தபால்காரன் போயேபோய்விட்டான். மேனேஜர் என்னைத்தான் திட்டினார். மறுநாள் காலை அக்காவே வெயிலில் போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்துபோய் அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தார். வந்து, "எம்மேல கோவமுங்களா தம்பி?" என்று கேட்டார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு 'டு'வுக்காக வாங்கிக்கட்டிக்கொண்டோமே என்று அந்த வருத்தம் எனக்குள் கிடந்தது.

இனி அந்த விபத்து.

மோட்டாருக்குள் போகிற தகடுகளை வெட்டுகிற பவர் பிரஸ் ஒன்று இருந்தது. கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு உண்டு. தடுப்பு இருந்தால் தகட்டை வைத்து எடுக்க நேரமாகும். அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். இரண்டு வாரமாகத் தடுப்பு இல்லாமலே ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு ரங்கசாமி என்கிறவனுடைய வலதுகை விரல் இரண்டு போய்விட்டன.

அந்த நேரத்தில் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தவன் பழனிச்சாமி. அவன் டிரில்லிங் மெஷின் ஆள். பிரஸ்ஸுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அவன்தான் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்தினான். தலைத்துண்டை அவிழ்த்து ரங்கசாமியின் கையைச் சுற்றினான். ஆட்டோவில் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தபோது அவன் சட்டை முழுக்க ரத்தம்.

சாயங்காலம் பழனிச்சாமியிடம் நடந்ததை எழுதி வாங்கச் சொன்னார் மேனேஜர். எழுதினது நான். அவன் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"டீ குடிச்சுட்டு நின்னுட்டிருந்தனுங்க. ரங்கசாமி தகடு அடிச்சுட்டு இருந்தான். நான் அந்த மெஷினையே பாத்துட்டு இருந்தனுங்க. சடார்னு கத்துனான்."

டீ நேரம் முடிந்த பிறகும் டீ குடித்தான் என்று எழுதினால் அவனுக்குத்தான் தொந்தரவு என்று நான் டீயை விட்டுவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். சுருக்கமாக, "சம்பவ நேரத்தில் அந்த மெஷினை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப அறிக்கை தயாரானது. மேனேஜர் அந்தத் தமிழ்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். பழனிச்சாமியின் வரி வந்ததும் 'லுக்கிங் ஆஃப்டர்' என்றார். அக்கா 'லுக்கிங் அட்' என்று அடித்துக் கொடுத்தார்.

அட் என்றால் கண்ணால் பார்ப்பது. ஆஃப்டர் என்றால் பொறுப்பெடுத்துக் கவனித்துக்கொள்வது. தமிழில் இரண்டுக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்தான். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதில்லையா? மேனேஜர் தாளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"இதென்ன அட்? நான் ஆஃப்டர்னுதான சொன்னேன்?"

"சார், அப்பிடிப் போட்டா அந்த மெஷினுக்கே பழனிச்சாமிதான் பொறுப்புன்னு ஆயிருமுங்க."

"பாத்துட்டு இருந்தேன்னு அவனே கையெழுத்துப் போட்டிருக்கறான் பாரு."

"கண்ணால பாத்ததைச் சொல்லியிருக்கறானுங்க."

"நீ போயிக் கேட்டியா?"

அவர் மடக்குவதற்காகக் கேட்டார். அக்கா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக டிரில்லிங் செக்ஷனுக்கே போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டுப்போட்டனுங்க சார். கைல டீ டம்ளரோட வேடிக்கை பாத்துட்டு நின்னானாமா. அட்தானுங்க சரி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேனேஜர் தெரியாமல் ஆஃப்டர் போடவில்லை. தடுப்பை யார் கழற்றினது என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். மெஷினுக்குப் பொறுப்பானவன் பழனிச்சாமி என்று அவன் வாயாலேயே வந்துவிட்டால், தடுப்பும் அவன் தலையில், விரலும் அவன் தலையில். அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். கையில் துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனானே, அவன் தலையில்! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

"அம்மணி, சொன்னத அடிக்கறதுக்குத்தான் சம்பளம்" என்றார் மேனேஜர்.

"அடிக்கறனுங்க சார். இதை மட்டும் அடிக்க மாட்டனுங்க."

குரலை உயர்த்தவேயில்லை. மேனேஜர் அவரை ஸ்டோருக்குப் போய் சாமான் அட்டை எழுதச் சொன்னார். அக்கா நோட்டையும் போசியையும் எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உனக்கு டைப்பிங் தெரியுமில்ல?"

தெரியும். லோயர் பாஸ் பண்ணியிருந்தேன்.

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் மெஷினில் அந்தத் தாளை நான்தான் அடித்தேன். ஆஃப்டர் என்று அடித்தேன். அடிக்கும்போது ஒரு நிமிஷம் கை நின்றது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நிற்கவில்லை. எங்கள் கடிதங்களில் இடது மூலையில் கீழே, அடித்தவருடைய இனிஷியல் இருக்கும். அங்கே வந்ததும் என்ன போடுவது என்று கேட்டேன்.

"எப்பவும் போடறதப் போடு" என்றார் மேனேஜர்.

அக்காவின் இனிஷியலைப் போட்டேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் அறையில் மேனேஜர், இன்ஸ்பெக்டர், சூப்பர்வைசர், பழனிச்சாமி, கோப்போடு நான். இன்ஸ்பெக்டர் நிதானமான ஆள். தாளைப் படித்துவிட்டு பழனிச்சாமியிடம் கேட்டார்.

"அந்த பிரஸ்ஸுக்கு நீதான் பொறுப்பா?"

பழனிச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் டிரில்லிங்குங்க சார்" என்றான்.

"பயத்துல பேசறானுங்க. நம்ம கிளார்க் எழுதி, அவனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறான்" என்றார் மேனேஜர். தமிழ்த் தாளை எடுத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதையும் படித்தார். என் பக்கம் திரும்பினார்.

"இது நீங்க எழுதினதா? பார்த்துக்கொண்டிருந்தேன்னா, எந்த மாதிரி பார்த்தேன்னு சொன்னார்?"

டீ என்ற ஒரு எழுத்தைச் சொல்லியிருந்தால் போதும். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லீங்க சார்" என்றேன்.

பழனிச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் கதவு திறந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. புடவையில் ஸ்டோர் தூசி.

"சார், அந்தத் தாள்ல ஒரு வார்த்தை தப்புங்க."

மேனேஜர் எழுந்தே விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்தார். "சார், இவங்கதான் டைப்பிஸ்ட். அடிச்சதே இவங்கதான். கீழ பாருங்க, இனிஷியல் இருக்குது. தப்புன்னா அது இவங்க தப்புத்தானுங்க."

இன்ஸ்பெக்டர் தாளை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிப் படித்தார். ஆஃப்டரைப் பார்த்தார். பிறகு கீழே, மூலையில், தன்னுடைய இனிஷியலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

"ஆமாங்க சார்" என்றார். "என்ற தப்புத்தானுங்க. நாந்தான் மாத்தி அடிச்சுப்போட்டேன். அட்டுன்னு இருக்கோணுமுங்க. மேனேஜர் சாரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. இப்பவே திருத்திருங்க."

டைப்பிஸ்டின் தப்பு என்று சொன்ன வாயால் அதுதான் சரி என்று மேனேஜரால் இனி சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து ஆஃப்டரைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே அட் என்று எழுதினார். பழனிச்சாமியை உட்காரவைத்து முதலிலிருந்து கேட்டார். டீ வந்தது. நின்ற இடம் வந்தது. தடுப்பை யார் கழற்றச் சொன்னார்கள் என்பதும் வந்தது. எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டு போனார். பழனிச்சாமியின் வேலை தப்பியது. தப்பு கம்பெனியுடையது என்று ஆனது.

ஒரு வினைக்கு ஒரு சேர்மானம் மாறினால் பொறுக்காத மனுஷி. வாழ்நாளில் அவர் அடித்த தாளில் ஒரு ஃபார், ஒரு டு பிசகினதில்லை. அப்படிப்பட்டவர், தான் அடிக்காத ஒரு தப்பை, ஐந்து ஆண்பிள்ளைகளுக்கு முன்னால், என் தப்பு என்று சொல்லி வாங்கிக்கொண்டார். வேறு எதைக் கொடுத்திருந்தாலும் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த மாதம் முடிவதற்குள் மெமோ தயாராகிவிட்டது. முக்கியமான ஆவணத்தைக் கவனக்குறைவாக டைப் செய்ததற்காக வேலைநீக்கம். காரணம் அதுதான் என்று எழுத அவர்களுக்குக் கை கூசவில்லை. மெமோ கொடுப்பது டைம் ஆபீஸ் வேலை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நின்றபடியே படித்தார்.

"டிஸ்பென்ஸ்டுக்கு அப்பறம் வித் உட்டுப்போச்சுங்க" என்றார். உங்கள் வேலை இனித் தேவையில்லை என்கிற வரியைத்தான் சொன்னார்.

பென்சிலை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "இருக்கட்டுமுங்க. இதுனால வேற யாருக்கும் கெடுதல் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒருவர் வாய் திறக்கவில்லை. பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பம் அடித்து வாங்கியவர்கள், மச்சானுக்குக் கடிதம் வாங்கியவர்கள், ஒருவர் வாய் திறக்கவில்லை. டீக்கடையில் மட்டும் நன்றாகத் திறந்தார்கள். "பிரிபோசிஷன் பெரியம்மாவுக்கே சறுக்கிருச்சாமா!" பழனிச்சாமி இருக்கிறானே, காப்பாற்றப்பட்டவன், அவனே என்னிடம் சொன்னான். "அக்கா நல்லவங்கதானுங்க. இருந்தாலும் நல்ல நேரத்துல தப்பு உட்டாங்க பாருங்க, என்ற பொழப்பே போயிருக்கும். கடைசீல அவங்களே வந்து திருத்துனாங்களோ, தப்பிச்சேன்." அவனிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கணபதியிலேயே ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஒரு பழைய டைப்ரைட்டர். வாசலில் 'இங்கு டைப் செய்து தரப்படும்' என்று அட்டை. நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை வாங்கி ஓரமாக வைத்தார்.

"வாங்க தம்பி. ஊட்டுல எல்லாரும் சௌரியமுங்களா?"

சொல்ல வந்ததைச் சட்டென்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் எழுந்து போயிருப்பேன். "அக்கா, அந்தத் தாளை அடிச்சது நானுங்க."

"தெரியுமுங்க" என்றார். "முற்றுப்புள்ளிக்கு அப்பறம் நீங்க ஒரு எடம்தான் உடுவீங்க. நான் ரெண்டு உடுவேன்."

"அப்பறம் ஏனுங்க அங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா யாரு அடிச்சதுன்னு சண்டை போயிருக்குமுங்க. நீங்க இல்லைம்பீங்க, அவரு இல்லைம்பாரு. வார்த்தை அப்பிடியே கெடந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு மில்லில் வேலை சொன்னார்களாம். பழைய இடத்தில் விசாரித்துவிட்டு, தப்பாக அடிக்கிற டைப்பிஸ்ட் வேண்டாம் என்று விட்டார்களாம். இன்னொரு இடத்திலும் அப்படியே. சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது.

"தப்பா அடிக்கறவன்னு சொல்லிப்போட்டாங்க தம்பி. என்னைய."

என்னால் தலை தூக்க முடியவில்லை. "நான் என்ன பண்ணட்டுமுங்க அக்கா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நடுவில் கார்பன் வைத்து இரண்டு தாளைச் செருகினார். "சொல்லுங்க. நடந்ததத் தமிழ்லயே சொல்லுங்க. நான் அடிக்கறேன்."

சொன்னேன். மேனேஜர் சொல்லி நான் அடித்தது, அக்காவின் இனிஷியலை நான் போட்டது, ஞாபகம் இல்லை என்று நான் பொய் சொன்னது. நான் சொல்லச் சொல்ல அவர் விரல்கள் ஓடின. ஒரு இடத்தில் நிறுத்தி நோட்டைப் புரட்டி ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி அடித்தார். முடிந்ததும் வரிவரியாக இங்கிலீஷில் படித்து, எனக்குத் தமிழிலும் சொன்னார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாளை உருவி, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"இதை அந்த மில்லுல காட்டுனாப் போதுமுங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுத்தேன். மேனேஜர் முகம் வந்தது. என் சம்பளம், என் பெண்ணின் பள்ளிக்கூடம், எல்லாம் வரிசையாக வந்தது.

"ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு நாளைக்கு வந்து போடறனுங்க அக்கா."

அக்கா பேனாவை வாங்கி மூடினார். "எத்தன மணிக்கு வாரீங்க?"

"ஆறு மணிக்குங்க."

"சரிங்க. ஆறு மணிக்கு நான் எங்கயும் போகல, இங்கயே இருக்கறேன்" என்று இரண்டு தாளையும் ஒரு கோப்புக்குள் வைத்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு நான் ஊரின் மறுகோடியில், மதுக்கரையில் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. "என்னண்ணா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் கொடுத்த காப்பி ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.